பதினாலாவது கிலோமீட்டரில் ஒரு நாற்காலி

போன வாரம் நம் லிஃப்ட் மெக்கானிக்கை எங்கே விட்டோம்? டைல்ஸ் கடை முதலாளியின் மேஜைக்கு முன்னால், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட நிலையில். நடுவில் ஒரு வாரம் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடாமல் படிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களையும்தான் நம்பியிருக்கிறேன்.

மெக்கானிக்குக்கும் அவன் மனைவி தையல்கடைக்காரிக்கும் ஒரே பெண். பதினொரு வயது. ஆட்டிசம் உள்ள குழந்தை. வீட்டில் அவளைக் கூப்பிடுவது இன்ஸ்பெக்டர் என்று. செருப்பு ஜோடி மாறிக் கிடந்தாலோ, கதவு முக்கால்வாசி மூடியிருந்தாலோ அவள் கண்ணிலிருந்து தப்பாது. அந்தத் தப்பைச் செய்தவர் வந்து சரிசெய்கிற வரை அவள் அந்த இடத்தை விட்டு நகரவும் மாட்டாள்.

அவள் போகிற பயிற்சி மையத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் ஒருத்தி உண்டு. ஒன்பது வயது வரை ‘ம்’ என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் சொல்லாத பெண்ணை ‘தண்ணி வேணும்’, ‘போதும்’, ‘கதவ மூடு’ என்று சொல்ல வைத்தவள் அவள்தான். மையத்தில் இனி அவள் சம்பளத்துக்கு வழியில்லை. இந்த மாதத்தோடு கிளம்புகிறாள். அதற்காகத்தான் பெற்றோர் ஏழெட்டு பேர் கூடிப் பேசி, நகரத்து நெடுந்தூர ஓட்டத்தில் பெயர் கொடுத்தார்கள். இருபத்தோரு கிலோமீட்டர். ‘நாங்க ஓடறோம், நீங்க மையத்துக்குக் குடுங்க’ என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டார்கள்.

மெக்கானிக் போய்க் கேட்டது டைல்ஸ் கடை முதலாளியிடம். அவர் கடையின் மூன்று மாடி லிஃப்டைப் பதினைந்து வருஷமாகப் பார்த்துக்கொள்வது இவன்தான்.

“யோவ் லிஃப்ட்டு, இத்தன வருஷத்துல ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கியா நீ? மூணு மணி நேரத்துல ஓடி முடி. அந்த டீச்சருக்கு ரெண்டு வருஷ சம்பளம் நான் குடுக்கறேன். ஒரு நிமிஷம் தாண்டினாலும் ஒத்தக் காசு கிடையாது.”

“சரி சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான் மடையன். அவன் அதுவரை கடைசியாக ஓடியது, ஒரு நாய் துரத்தியபோது.

ஆயிற்று, மூன்று மாதம் பயிற்சியும் முடிந்தது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஓட்டம் காலை ஆறு மணிக்கு.

ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டருக்கு அத்தை, மெக்கானிக்குக்கு அக்கா. டிரைவிங் ஸ்கூலில் இருபது வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தினமும் காலையில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவளும்கூட. தம்பியை இந்த மூன்று மாதமும் மேய்த்தது அவள்தான். இன்றைக்கும் அவனோடு கூடவே ஓடப் போகிறாள்.

“என்னடா, இன்னும் ஷூ போடலையா?”

“போட்டுட்டே இருக்கேன்க்கா.”

அந்த நேரம் பார்த்து அவன் ஃபோன் அடித்தது. பக்கத்துத் தெரு அடுக்குமாடியில் லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றுவிட்டதாம். மெக்கானிக்கின் கை தன்னால் டூல் பையைத் தேடிப் போனது. அத்தை ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“உள்ள ஆள் இருக்கா? இல்லையா? அப்ப படியில ஏறிப் போங்க. உடம்புக்கு நல்லது.” வைத்துவிட்டாள். “இன்னைக்கு உனக்கு ஒரே வேலைதான். நான் சொல்றத நல்லா கேட்டுக்க. கடைசி வரைக்கும் செகண்ட் கியர். எவனாவது ஓவர்டேக் பண்ணா பண்ணட்டும். நீ பாட்டுக்குப் போ. அப்புறம் முக்கியமா ஒண்ணு. எங்கயும் உக்காராத. உக்காந்தா இன்ஜின் ஆஃப் ஆயிடும். உன் வயசுக்கு மறுபடி ஸ்டார்ட் ஆகாது.”

“எனக்கு நாப்பத்திரண்டுதான்.”

“உன் முட்டிக்கு அறுபது.”

உள்ளே தையல்கடைக்காரி மகளுக்கு இன்றைய நாளைக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் நாள் என்பது சுவரில் மாட்டுகிற ஒரு துணி. அவளே தைத்தது. வரிசையாகப் பைகள், ஒவ்வொரு பையிலும் ஒரு படம். எழுந்திருப்பது, பல் தேய்ப்பது, பஸ், மையம், சாப்பாடு. ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தை எடுத்துக் கீழே உள்ள பெரிய பையில் போட வேண்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிட்டால் இன்ஸ்பெக்டருக்கு எந்த இடமும் பயமில்லை. தெரியாவிட்டால் சொந்த வீட்டுச் சமையலறைகூட அவளுக்குக் காடுதான். போன வருஷம் ஒரு நாள் பஸ் வேறு வழியில் போய்விட்டது. தெருவில் படுத்துக்கொண்டவளை எழுப்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் வாசல்படி தாண்டவில்லை.

அதனால் இன்றைக்குத் துணியைச் சுருட்டிக் கையோடு எடுத்துப் போகிறார்கள். வேன், தொப்பி, காதுமூடி, மேஜை, தண்ணீர் கொடுப்பது, அப்பாவுக்குத் தண்ணீர் கொடுப்பது, அப்பா ஓடுவது, வீடு. பதினாலாவது கிலோமீட்டரில் மையத்துக்காரர்கள் ஒரு தண்ணீர் மேஜை போடுகிறார்கள். அதில் ஒரு ஓரம் அம்மாவுக்கும் மகளுக்கும். மூன்று வாரமாக வீட்டுக் கூடத்தில் ஒத்திகை நடக்கிறது. அப்பா ஓடி வருவார், இவள் கப்பை நீட்டுவாள், அவர் குடிப்பார். ஒவ்வொரு முறையும் அவள் கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். அவளே கையில் எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிற முதல் வேலை அது.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரே ஒரு தப்பைத் தவிர. அது என்ன என்று அப்போது தையல்கடைக்காரிக்கே தெரியாது.

*

ஏழு மணி சுமாருக்கு வேகமானவர்கள் மேஜையைத் தாண்டத் தொடங்கினார்கள். அவர்கள் தண்ணீரைப் பறித்துக்கொண்டு போகிற வேகத்தில் யாருடைய முகமும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர், அப்பாவின் பட்டறையிலிருந்து எடுத்து வந்த மஞ்சள் காதுமூடியோடு, அம்மா உட்கார்வதற்காகக் கொண்டுவந்த மடக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் கப்பும் கையுமாக நின்றாள்.

பிறகு வந்தார்கள் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள். வியர்வையில் நனைந்த ஒரு பெரிய உடம்புக்காரர் இவள் கப்புக்குக் கை நீட்டினார். இன்ஸ்பெக்டர் கப்பைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“உக்காரு” என்றாள்.

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். அவள் நாற்காலியைக் காட்டினாள்.

“உக்காரு.”

உட்கார்ந்தார். கப் கைக்கு வந்தது.

“குடி.” குடித்தார். “கீழ போடாத. கூடையில போடு.” போட்டார். “போ.”

தையல்கடைக்காரிக்கு அப்போதுதான் பளிச்சென்று விளங்கியது, தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று. வீட்டில் தண்ணீர் குடிப்பதற்கு ஏற்கெனவே ஒரு படம் உண்டு. டம்ளரோடு ஓடி ஓடிப் புரையேறிக்கொண்டிருந்த பெண்ணுக்கு, உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்று டீச்சரும் அம்மாவுமாக எட்டு மாதம் போராடிச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் படத்தில் ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்து குடிக்கிறான். நேற்று சாயந்திரம் நாலு பிளவுஸ் தைத்துக் கொடுக்க வேண்டிய அவசரத்தில், புதிதாக எதற்கு வரைவது என்று அதையே பார்த்து இன்னும் இரண்டு வரைந்து பையில் போட்டிருந்தாள். ஓடுகிற ஆளுக்கும் நாற்காலி, அப்பாவுக்கும் நாற்காலி. வீட்டு ஒத்திகையிலும் அவன் ஓடி வந்து சோபாவில் விழுந்துதான் குடித்தான். யாருக்கும் அது உறுத்தவில்லை.

“கண்ணு, இங்க நின்னுக்கிட்டே குடிக்கலாம்டா.”

இன்ஸ்பெக்டர் துணியில் உள்ள படத்தைத் தொட்டுக் காட்டினாள். “படம்.”

உண்மைதானே. படம் போட்டது யார்?

நல்ல வேளை, அந்தப் பெரிய உடம்புக்காரர் போகிற போக்கில் திரும்பிச் சொன்னார்: “பதினாலு கிலோமீட்டரா இந்த ஒரு வார்த்தையத்தாம்மா எதிர்பார்த்துக்கிட்டு வந்தேன்.”

அவசரக்காரர்களை அம்மா மேஜையின் மறுபக்கத்துக்குத் தள்ளிவிட்டாள். ஆனாலும் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் நாற்காலிக்கு முன்னால் ஒரு வரிசையே நின்றது. வங்கி அதிகாரி மாதிரி இருந்த ஒருவர், இரட்டையர் போல உடுத்தியிருந்த இரண்டு பெண்கள், முட்டியில் பட்டை கட்டிய ஒரு கல்லூரிப் பையன். எல்லோரும் ஒழுங்காக உட்கார்ந்தார்கள், குடித்தார்கள், கூடையில் போட்டார்கள், எழுந்து போனார்கள். அந்த மேஜையைச் சுற்றி மட்டும் ரோட்டில் ஒரு கப் கிடையாது.

“இந்தப் பொண்ண எங்க ஆபீஸுக்கு அனுப்புங்கம்மா” என்றார் வங்கி அதிகாரி. “ஒரு வாரம் போதும்.”

தையல்கடைக்காரிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் இருந்தது. அவளுக்குத் தெரியும், வீட்டுக்காரன் வரும்போது என்ன நடக்கும் என்று. அத்தை போட்ட சட்டம் உட்காரக் கூடாது. மகள் போட்ட சட்டம் உட்கார வேண்டும்.

*

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் மெக்கானிக்கின் நாக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் கால் நிற்கவில்லை.

“கரெக்டா போறோம்டா” என்றாள் அத்தை. அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. “இப்படியே போனா ரெண்டு அம்பத்தெட்டு. கையில ரெண்டே ரெண்டு நிமிஷம் மிச்சம். சிந்தாம கொண்டு வா.”

“அக்கா, பேசாம வாயேன்.”

“நீ பேசாத. ஆக்ஸிஜன் வேஸ்ட்.”

இதே நேரத்தில் பதினாலாவது கிலோமீட்டரில் ஒரு வெள்ளைக் கார் வந்து ஓரமாக நின்றது. இறங்கியது டைல்ஸ் கடை முதலாளி. மெக்கானிக் நடுவில் டாக்ஸி பிடித்துவிடுவான் என்று அவருக்குச் சந்தேகம். நேரிலேயே பார்த்துவிட வந்துவிட்டார், கழுத்தில் ஒரு ஸ்டாப் வாட்ச் வேறு. வெயில் ஏறிவிட்டிருந்தது. தாகம்.

“ஒரு கப் தண்ணி குடும்மா.”

“உக்காரு” என்றாள் இன்ஸ்பெக்டர்.

அறுபத்திரண்டு வயசு மனுஷர். அவரை ஒருமையில் உட்காரச் சொல்லி நாற்பது வருஷம் ஆகியிருக்கும். ஒரு நிமிஷம் முறைத்தார். அவள் அவர் முறைப்பைப் பார்க்கவே இல்லை, நாற்காலியைத்தான் பார்த்தாள். உட்கார்ந்தார்.

கப்பை வாங்கி ஒரு வாய் குடித்திருப்பார், ஃபோன் வந்துவிட்டது. லாரியில் வந்த பாத்ரூம் டைல்ஸில் பாதி உடைந்திருக்கிறதாம். அவ்வளவுதான். கப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

“உடைஞ்சத யாருய்யா வாங்கச் சொன்னா? நீ எதுக்குய்யா கையெழுத்து போட்ட?”

சரியாக அப்போது மேட்டில் மெக்கானிக்கின் தலை தெரிந்தது. மணி ஏழு ஐம்பத்தெட்டு. இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டாள். புதுக் கப் ஒன்றை எடுத்தாள். அதில் அப்பா படம் ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் குதிக்கிற குதியில் பாதித் தண்ணீர் கையில் வழிந்தது.

மெக்கானிக் வந்து நின்றான். அவள் நாற்காலியைப் பார்த்தாள். நாற்காலியில் டைல்ஸ் கடை. அதில் இருப்பவர் குடித்து முடிக்காமல் அடுத்தவர் உட்கார முடியாது. படம் அப்படி.

“சார், கொஞ்சம் எழுந்திருங்க சார்” என்றாள் தையல்கடைக்காரி.

அவர் உள்ளங்கையைக் காட்டினார், ஒரு நிமிஷம் என்று.

“சார், இவர்தான் உங்க லிஃப்ட்டு. நேரம் போகுது சார்.”

அதே உள்ளங்கை. ஃபோனில் உடைந்த டைல்ஸின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று.

அத்தை மேஜையின் மறுபக்கத்திலிருந்து ஒரு கப்பை எடுத்துத் தம்பி கையில் திணித்தாள். “குடிச்சிட்டு ஓடு. நான் சொல்றேன், ஓடு.”

மெக்கானிக் மகளைப் பார்த்தான். அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கப்பைப் பிடித்திருந்த விரல் நுனி வெளுத்துவிட்டது. குதிப்பதை நிறுத்திவிட்டாள். அது நிற்கிறதென்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும், அவன் மனைவிக்கும் தெரியும்.

“நீங்க போங்க” என்றாள் தையல்கடைக்காரி. “நான் சமாளிச்சுக்கறேன். டீச்சர் முக்கியம்ங்க. போங்க.”

“டீச்சர் யாருக்காக?” என்றான் அவன்.

கையிலிருந்த கப்பை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அத்தை வானத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். நம் காதில் விழாமல் இருப்பதே நல்லது. ஆனால் அவளும் அந்த வீட்டுப் பெண்தானே. “சரி, நியூட்ரல்ல நில்லு. இன்ஜின ஆஃப் பண்ணிடாத. கால ஆட்டிக்கிட்டே இரு” என்றாள்.

ஆக, நாற்காலிக்கு முன்னால் ஒரு மனிதன் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தான். பின்னால் வரிசையில் நின்ற மூன்று பேரும் என்னவோ ஏதோ என்று அவர்களும் நின்ற இடத்திலேயே ஓடினார்கள். டைல்ஸ் கடைக்காரர் மட்டும்தான் உலகத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். முழுதாக நாலு நிமிஷம்.

ஒருவழியாக ஃபோனை வைத்தார். மிச்சத் தண்ணீரைக் குடித்தார். கப்பைக் கூடையில் போட்டார். ஸ்டாப் வாட்சைப் பார்த்தார். “என்ன லிஃப்ட்டு, வழக்கம்போலதானா” என்று சொல்லிவிட்டு காரில் ஏறி, முடிவுக் கோட்டுக்குப் போய்விட்டார். எப்படி இருக்கும் உங்களுக்கு? எனக்கே எழுதும்போது பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.

“உக்காரு” என்றாள் இன்ஸ்பெக்டர்.

மெக்கானிக் உட்கார்ந்தான். குடித்தான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசிச் சொட்டு வரைக்கும். கூடையில் போட்டான். கையைத் தட்டிக்கொண்டு அவள் குதித்த குதியில் காதுமூடி கழன்று கழுத்துக்கு வந்துவிட்டது.

“போ” என்றாள்.

எழுந்தவனின் இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அத்தை சொன்னது பலித்துவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். அத்தை குனிந்து அந்தக் காலை நாலு அறை அறைந்தாள். பிறகு அக்காவும் தம்பியுமாகக் கிளம்பினார்கள், அவன் நொண்டி நொண்டி, அவள் திட்டிக்கொண்டே. மணி எட்டு மூன்று.

*

கடைசி ஏழு கிலோமீட்டரை நான் விவரிக்கப் போவதில்லை. அதை மெக்கானிக்கே மறந்துவிட விரும்புகிறான். அத்தை சொன்ன வார்த்தைகளை அச்சில் போட பத்திரிகை ஆசிரியர் சம்மதிக்க மாட்டார். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவன் நடக்கவில்லை. கால் இழுத்தது, இழுத்துக்கொண்டே ஓடினான்.

முடிவுக் கோட்டில் டைல்ஸ் கடைக்காரர் வாட்சை அழுத்தினார். மெக்கானிக் புல்லில் மல்லாந்து விழுந்தான்.

“மூணு மணி ரெண்டு நிமிஷம்” என்றார் அவர். குரலில் சந்தோஷம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். “நல்லாத்தான் ஓடின. ஆனா பேச்சுன்னா பேச்சு.”

“நாலு நிமிஷம் அந்த நாற்காலியில உக்காந்திருந்தது யாரு சார்?” என்று ஆரம்பித்தாள் அத்தை. இடுப்பில் கை.

“நானா நிக்கச் சொன்னேன்? அவன் ஓடியிருக்க வேண்டியதுதானே?”

“அக்கா, விடு” என்றான் மெக்கானிக், படுத்தபடியே. மூச்சு வாங்கியது. “சார், ஒண்ணே ஒண்ணு. லிஃப்ட் என்னால நின்னா, நின்ன நேரத்த என் பில்லுல கழிப்பீங்கல்ல?”

“கழிப்பேன். அதுல என்ன?”

“இன்னைக்கு நான் உங்களால நின்னேன் சார்.”

டைல்ஸ் கடைக்காரர் வாட்சைப் பார்த்தார். அவர் கறார் மனுஷர், அயோக்கியர் இல்லை. கறார் மனுஷர்களுக்கு வருகிற ஒரு தர்மசங்கடம் அது.

அந்தச் சமயம் மையத்து வேன் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினாள், பின்னாலேயே துணிச் சுருளோடு அம்மா. அம்மாவுக்கு நேரத்தை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புருஷன் படுத்திருந்த விதத்திலும் நாத்தனார் நின்றிருந்த விதத்திலும் தெரிந்துவிட்டது. என் கையால போட்ட படம், என்று மனசுக்குள் ஓடிற்று. நாலு பிளவுஸுக்காக என் குழந்தையோட பேச்சைப் பறிச்சுட்டேன்.

இன்ஸ்பெக்டர் அப்பாவின் தலைமாட்டில் போய் நின்றாள். அவர் படுத்திருப்பது எந்தப் படத்திலும் இல்லை. அம்மா பக்கம் திரும்பினாள்.

“டீச்சர் வருவாங்களா?” என்றாள்.

தையல்கடைக்காரி கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது. மெக்கானிக் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அத்தை இடுப்பிலிருந்த கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

டைல்ஸ் கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏன்மா எல்லாரும் அழறீங்க? குழந்த ஒரு கேள்விதானே கேட்டுச்சு?”

“அவ இதுவரைக்கும் கேள்வியே கேட்டதில்ல சார்” என்றாள் அத்தை. “பொறந்ததுலேர்ந்து. கேட்டா பதில் சொல்லுவா, வேணும்னா வேணும்பா. தானா ஒண்ணு கேட்டதில்ல. அந்த டீச்சர் ரெண்டு வருஷமா இதுக்குத்தான் உயிர விட்டுக்கிட்டிருக்கா.”

தையல்கடைக்காரிக்கு அழுகை அதற்காக மட்டும் இல்லை. டீச்சர் போகப்போவதை மகளுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டோம் என்று நினைத்திருந்தாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசினார்கள் இத்தனை நாளும். இவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பயந்துகொண்டிருந்திருக்கிறாள். கேட்கத் தெரியாமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டைல்ஸ் கடைக்காரரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வருவாங்கடா கண்ணு” என்றாள்.

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையேம்மா” என்றார் அவர்.

“நீங்க சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி சார். என் பொண்ணு கேட்டா, நான் சொல்லிட்டேன். தெருத் தெருவா போய்க் கேக்கறதா இருந்தாலும் கேட்டுக்கறேன்.”

அவர் வாட்சைத் தூக்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்தார்.

“மூணு மணி ரெண்டு நிமிஷம். அதுல நான் உக்காந்திருந்த நாலு நிமிஷம் போனா என்னய்யா வருது?”

அத்தைதான் சொன்னாள். “ரெண்டு அம்பத்தெட்டு.”

“அப்ப நேரத்துக்குத்தான் வந்திருக்கான். பதினஞ்சு வருஷத்துல முதல் தடவ.” வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “ரெண்டு வருஷம். சொன்னா சொன்னதுதான். நாளைக்கு எல்லாத்தையும் எழுத்துல குடுக்கறேன்.”

மெக்கானிக் அவரைக் கட்டிப் பிடிக்க எழுந்தான். கெண்டைக்கால் மறுபடி இழுத்துக்கொண்டதால் பாதியிலேயே அவர் மேல் சாய்ந்தான். “யோவ், வேர்வைய்யா, தள்ளு” என்றார் அவர். ஆனால் தள்ளவில்லை.

இந்தக் கொண்டாட்டம் எதுவும் இன்ஸ்பெக்டருக்குத் தேவைப்படவில்லை. பதில் முழுசாக வரவில்லை அவளுக்கு.

“எப்போ?” என்றாள்.

அத்தை சிரித்தேவிட்டாள். “ஒண்ணுதான் கேட்டான்னு பார்த்தா, இப்ப விசாரணையே ஆரம்பிச்சிட்டா.”

“இரு கண்ணு, டீச்சர்கிட்டயே கேட்டுடலாம்” என்று தையல்கடைக்காரி ஃபோனை எடுத்தாள். அவசரத்தில் ஒரு தடவை தப்பான எண் போயிற்று. இரண்டாவது தடவை மணி அடித்தது. நீளமாக அடித்தது. எடுத்தது டீச்சர் இல்லை, டீச்சரின் அம்மா.

“அவளா? உள்ள துணியெல்லாம் பெட்டியில அடுக்கிட்டிருக்காம்மா. அவ அக்கா ஊர்ல ஒரு ஸ்கூல்ல கூப்பிட்டுட்டாங்க. நாளைக்கே சேரணுமாம். மத்தியானம் ரெண்டு மணிக்கு வண்டி. நீங்க யாரு, ஏதாவது சொல்லணுமா?”

தையல்கடைக்காரி மணியைப் பார்த்தாள். ஒன்பதே கால்.

எதிரே இன்ஸ்பெக்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அடுத்த பதிலுக்காக.

“நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா” என்றாள் தையல்கடைக்காரி. “ஃபோன அவங்க காதுல வைங்க. இங்க ஒருத்தி ஏதோ கேக்கணும்ங்கறா.”

ஃபோனை மகள் கையில் கொடுத்தாள்.